கிளினிக்கை இடம் மாற்றிவிட்டோம், ஸ்கேன் பதிவு பழைய முகவரியில் இருக்கிறது. மெஷினைப் போடலாமா?

கேட்பவர்: கிளினிக் நிர்வாகம், காரிமங்கலம்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணி மகப்பேறு மருத்துவர். 8 படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. கணக்கு, லைசென்ஸ், ஆட்கள் சம்பளம் எல்லாம் என் பொறுப்பு.

கட்டட உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்னதால், போன ஞாயிறு அதே தெருவில் நாலு கடை தள்ளி வேறு கட்டடத்துக்கு மாறினோம். கட்டில், அலமாரி எல்லாம் டாடா ஏஸில் வந்தன. ஸ்கேன் மெஷினின் புரோபை (வயிற்றில் வைத்துப் பார்க்கும் பகுதி) மட்டும் பழைய புடவையில் சுற்றி, நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்தும் முக்கியமானதை விட்டுவிட்டேன். மறுநாள் ஸ்கேன் பதிவுச் சான்றிதழை மாட்டச் சுவரில் ஆணி அடித்தபோதுதான் பார்க்கிறேன், அதில் பழைய கதவு எண். கீழே முடிவுத் தேதி. அதற்கு இன்னும் 38 நாள்தான்.

அதே டாக்டர், அதே மெஷின், அதே தெரு. ஸ்கேன் எடுக்கலாமா? நாளைக்கு 11 கர்ப்பிணிகள் வருகிறார்கள்.

அரூர், லேப் நடத்துபவர்

பயப்படாதீங்க மேடம். ரெனியூவலுக்கு மனு போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிடுங்க. 90 நாளில் பதில் வரலைன்னா புதுப்பித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம், என் நண்பர் எக்ஸ்ரேயை இடம் மாற்றியபோது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திலும் மாற்ற வேண்டியிருந்தது. அதையும் பாருங்க.

கிருஷ்ணகிரி, மருத்துவமனை நிர்வாகி

மேடம், மெஷினை ஆன் செய்யாதீங்க. நாளைக்கு வருகிற 11 பேருக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிடுங்க.

அரூர் நண்பர் சொன்ன 90 நாள் விதி உண்மைதான். ஆனால் அது புதுப்பிப்புக்கு மட்டும். உங்கள் சிக்கல் வேறு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி பதிவு என்பது டாக்டருக்கு மட்டும் கொடுப்பது அல்ல. இந்த இடம், இந்த மெஷின், இதை இயக்குகிற இந்த ஆள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியது. இடமோ மெஷினோ ஆளோ மாறினால், மாறுவதற்கு 30 நாள் முன்பே எழுதிக் கொடுத்து, திருத்திய சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். நாலு கடை தள்ளி என்றாலும் அது வேறு இடம்தான். புதுக் கட்டடத்தில் இன்றைய தேதிக்கு அது பதிவில்லாத மெஷின். அப்படிப் பிடித்தால் சீல் வைத்து, மெஷினையே பறிமுதல் செய்துவிடுவார்கள். வழக்கு தனி.

அணுசக்தி வாரியம் இதில் வராது. எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு உண்டு, அதனால் அவர்கள். அல்ட்ராசவுண்ட் வெறும் ஒலி அலை.

புதுப்பிப்பு மனுவும் முடிவுத் தேதிக்கு 30 நாள் முன்பே போய்ச் சேரணும். உங்களிடம் இருப்பது 8 நாள். தர்மபுரி மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போங்க. மெஷினின் பின்பக்கத் தகட்டில் இருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. நாங்கள் ஒருமுறை அதில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதி மூன்று வாரம் அலைந்தோம்.

கேட்பவர்

ரொம்ப நன்றி சார். இன்னொன்றை மறைக்க மனசு வரவில்லை. திங்கள் சாயங்காலம் ஒரு பெண் ரத்தப்போக்கோடு வந்தார். அண்ணி உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார். குழந்தை நன்றாக இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் எழுத வேண்டிய படிவம் எஃப் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். ஆனால் அதில் குத்தியது பழைய முகவரி முத்திரை. அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா? இல்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய தேதி போடலாமா என்று ஒருவர் சொல்கிறார்.

கிருஷ்ணகிரி, மருத்துவமனை நிர்வாகி

வேண்டவே வேண்டாம். அந்தப் படிவத்தைத் தொடாதீங்க.

படிவம் எஃப்-இல் குறையோ தவறோ இருந்தால், பாலினம் பார்த்ததற்கும் சொன்னதற்கும் சமமாகவே சட்டம் அதைக் கருதுகிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது ஸ்கேன் எடுத்தவர். இது வெறும் எழுத்துப் பிழைதானே என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதம் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. தேதியை மாற்றினால் ஒரு நேர்மையான தவறு பொய்யாகிவிடும்.

என்ன நடந்ததோ அதை அப்படியே ஒரு கடிதமாக எழுதுங்க. எந்தத் தேதி மாறினீர்கள், ஏன் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, எந்த நோயாளிக்கு எந்த நேரத்தில் என்ன அவசரத்துக்காக எடுத்தீர்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். அவசர வைத்தியம் பார்த்த கேஸ் ஷீட் நகலையும் இணையுங்க. கொடுப்பதற்கு முன் இந்தச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிடுங்க.

ஓய்வுபெற்ற செவிலியர், பென்னாகரம்

கண்ணு, ஒரு முத்திரைக்கு இத்தனை கெடுபிடியா என்று உனக்குத் தோன்றும். நம் ஊர்க் கதை தெரிந்தால் தோன்றாது. 2001 கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி பிரியாத தர்மபுரி மாவட்டத்தில், 6 வயது வரை 1,000 ஆண் பிள்ளைக்கு 826 பெண் பிள்ளைதான். சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்த 2001-இல்தான் இங்கேயும் கொண்டுவந்தார்கள். பிறந்த பிறகு நடந்த கொடுமையைத் தொட்டில் வைத்துத் தடுக்கப் பார்த்தோம். வயிற்றிலேயே நடப்பதைத் தடுக்க இந்தத் தாளை விட்டால் நம்மிடம் வேறென்ன இருக்கிறது? எந்த மெஷின் எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாமல் போனால், காரில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறவனைப் பிடிக்க வழியே இல்லை. உங்கள் அண்ணி நல்ல டாக்டர். அந்தத் தாள் அவரையும் காப்பாற்றும்.

அந்த 11 பேரையும் வெறுமனே திருப்பி அனுப்பாதே. சீட்டு எழுதிக் கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பப் பதிவு எண்) சீட்டிலேயே எழுதிவிடு, அங்கே தேட வேண்டாம்.

ஓசூர், மருத்துவமனைக் கழிவு மேற்பார்வை

ஸ்கேனோடு நிற்காதீங்க. மருத்துவமனைப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம், கழிவு எடுக்கிற நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தம், மூன்றிலும் பழைய முகவரிதான் இருக்கும். கழிவு வண்டி பழைய வாசலுக்குப் போய்த் திரும்பிவிட்டால் மஞ்சள் கழிவுப் பை உங்களிடமே தங்கும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வண்டி டிரைவருக்கு முதலில் போன் போடுங்க, கடிதம் அப்புறம்.

கேட்பவர்

இன்றைக்குப் போய் வந்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். இடமாற்றத்துக்குத் தனியாகவும் புதுப்பிப்புக்குத் தனியாகவும் இரண்டு மனு கொடுத்து இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிவிட்டேன். புதுப்பிப்புக்குப் பதிவுக் கட்டணத்தில் பாதி கட்டினேன். மெஷினை ஓர் அறையில் பூட்டி, சாவியை அண்ணியின் மேசையில் வைத்திருக்கிறோம். நேரில் பார்த்து எண்ணைச் சரிபார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள் எடுத்த ஸ்கேனுக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்றும் சொன்னார்கள். வரட்டும், இருப்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

9 பேர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். இருவர் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு 20 வாரம் ஆகிவிட்டதால் அண்ணியே பேசி அனுப்பிவைத்தார்.

மாதாந்திர அறிக்கை ஒன்று உண்டே, மெஷின் பூட்டிக் கிடக்கும்போதும் அனுப்ப வேண்டுமா?

கிருஷ்ணகிரி, மருத்துவமனை நிர்வாகி

அனுப்புங்க மேடம். இந்த மாதக் கணக்கு அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போய்ச் சேரணும். இடம் மாறும் முன் எடுத்தவை, அந்தத் திங்கள்கிழமை ஸ்கேன், எதையும் விடாதீங்க. பூட்டியிருக்கிற மாதத்துக்கு ‘எதுவும் இல்லை’ என்றே எழுதி அனுப்பி, நகலில் முத்திரை வாங்கி வையுங்க. புது முகவரி முத்திரை செய்யக் கொடுத்துவிட்டீர்களா?

கேட்பவர்

கொடுத்துவிட்டேன் சார். பழையதை அலமாரியில் பூட்டிவிட்டேன்.