பழைய ஸ்பீக்கர், ஆம்ப் ஆன்லைன்ல விக்கப் போய் மறக்க முடியாத ஆளுங்க யாரு? சொல்லுங்க

நங்கநல்லூர் வாசி:
எல்லாம் ஃபோன்லயே பேசி முடிச்சு 14 ஆயிரம்னு ஒத்துக்கிட்டுதான் வந்தாரு. டவர் ஸ்பீக்கர் ஜோடி, அப்பா வாங்கினது, அன்னைக்குக் காலைல வரைக்கும் பாடிட்டு இருந்துச்சு. மனுஷன் ஒரு பாட்டு கூட போடச் சொல்லல, நேரா முன்பக்க மூடி கிரில்ல கழட்டினாரு, பேஸ் தர்ற பெரிய வூஃபர் ஓரத்து ஃபோம்ல விரல வச்சு ஒரு அமுக்கு, பொலபொலன்னு கருப்பா தூள் கொட்டுது. அம்மா தரையப் பாக்குறாங்க, நான் அவர் விரலப் பாக்குறேன், அவரு சிரிச்சுக்கிட்டே "அப்போ 6 ஆயிரம் வச்சுக்கலாமா சார்"ங்குறாரு. தரல, அனுப்பிட்டேன். பேசி முடிச்ச பொருள்ல விரல வைக்கலாமா?

சேலத்து ஸ்பீக்கர் பைத்தியம்:
தாராளமா வைக்கலாம். கோச்சுக்காதீங்க சார், ஃபோம் அவர் விரலால போகல, எப்பவோ போயிடுச்சு. பாலியூரிதேன் ஃபோம் 15, 20 வருஷம் தாண்டினா நம்ம ஊர் காத்துக்குத் தானா பிசுபிசுன்னு ஆகி உதிரும், பாட்டு போட்டாலும் போடாட்டியும். ரப்பர்னா இந்தத் தொல்லை இல்ல. நானும் வாங்கப் போற இடத்துல முதல்ல கிரில்லத்தான் கழட்டுவேன், அப்புறம் நடுவுல அதிர்ற கோன்ல ரெண்டு பக்கமும் விரல் வச்சு சமமா மெதுவா தள்ளுவேன், கரகரன்னு உரசினா உள்ள இருக்குற கம்பிச்சுருள், அதான் வாய்ஸ் காயில், அதுல கோளாறு, அப்படியே டாட்டா. வெறும் ஃபோம் மட்டும் போயிருந்தா புது ஃபோம் ரிங் வாங்கி ஒட்டிடலாம், அதுக்குப் போயி 14ல இருந்து 6க்கு இறங்கினது அநியாயம், அதுல மட்டும் உங்க பக்கம்.

திருச்சி வானொலி:
ஃபோம விடுங்க. மச்சான் ஜப்பான்ல இருந்து கொண்டுவந்த ரிசீவர், பின்னாடி 100 வோல்ட்னு போட்டிருக்கும், விளம்பரத்துல முதல் வரியே வோல்டேஜ் குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம போடாதீங்கன்னு எழுதினேன், வாங்கினவரு "வீட்ல இருக்கு பாஸ்"னாரு, கொடுத்து விட்டேன். ராத்திரி ஃபோன். புகை வருதாம். பையன் நேரா செவுத்து ப்ளக்ல, 230ல சொருகிட்டானாம். அவர் காசு கேட்டுக் கத்தினது கூட பெருசில்ல, பின்னாடி ஒரு சின்னக் குரல் "நான் ஸ்விட்ச் மட்டும்தான்ப்பா போட்டேன்"னு அழுதுச்சு பாருங்க. பாதிப் பணம் திருப்பி அனுப்பிட்டேன், வீட்ல இன்னும் திட்டு.

தாம்பரம் டர்ன்டேபிள்:
பணப் பேச்சு வந்ததால சொல்றேன். எனக்கு வந்த முதல் ஃபோனே "ஆர்மில இருக்கேன்"தான், ஐடி கார்டு போட்டோ, பேரமே இல்ல, முழுப்பணமும் இப்பவே போடுறேன்னு க்யூஆர் அனுப்பினான், கட் பண்ணிட்டேன். அவ்ளோதான் என் கதை. ஆனா எல்லாரும் கேட்டுக்கங்க, பணம் வர்றதுக்கு யூபிஐ பின் வேணாம், ஸ்கேன் பண்ண வேணாம், பின் போட்டா நம்ம காசுதான் போகும். ஆளுக்கு ஆள் காசு கேட்டு கலெக்ட் ரெக்வஸ்ட் அனுப்புறத யூபிஐய நடத்துற என்பிசிஐ 2025 அக்டோபரோட நிறுத்தச் சொல்லிடுச்சு, அதனால இப்ப க்யூஆர், லிங்க்னு வேற வழில வருவானுங்க. ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க, பேங்க் ஆப்ல பேலன்ஸ் பாத்துட்டுப் பொருளக் கொடுங்க. ஏமாந்தா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. அப்புறம் என்னை மாதிரி டர்ன்டேபிள, அதான் ரெக்கார்டு ப்ளேயர, பார்சல்ல போடுறவங்க ப்ளாட்டர் (சுத்துற தட்டு), கவுன்ட்டர்வெயிட் (கைக்குப் பின்னாடி இருக்குற எடை) ரெண்டையும் கழட்டித் தனியா சுத்துங்க, ஊசியப் பிடிச்சிருக்குற கை, டோன் ஆர்ம கட்டுங்க, ஊசி ஸ்டைலஸுக்கு மூடி போடுங்க, சீரியல் நம்பர போட்டோ எடுத்து வைங்க, பெட்டிக்குள்ள பெட்டி வைங்க, தெர்மாகோல் மட்டும் போதாது

மதுரை மைக்செட்:
தம்பி, யாரும் கேக்கலயேப்பா 😄 நான் வித்தது அஹுஜா ஆம்பும் ரெண்டு புனல் ஸ்பீக்கரும். வந்த பையன் உசிலம்பட்டி பக்கம், கோயில் திருவிழாவுக்குன்னு டிவிஎஸ் 50ல வந்தான், வாசல்லயே மாட்டி டெஸ்ட் பண்ணச் சொன்னேன், மைக்க வாங்கினவன் "ஒன் டூ த்ரீ" எதுவும் சொல்லல, "அண்ணே, லாஸ்ட்டா எவ்வளவுண்ணே"ன்னு அதுலயே கேக்குறான், தெரு முழுக்க கேக்குது. விலைய நான் மெதுவாச் சொன்னா அவன் அதையும் மைக்ல திருப்பிச் சொல்றான். எதிர் வீட்டு மாடில இருந்து ஒரு அக்கா "அவ்ளோ சொல்லாதப்பா, சாமி காரியம்"ங்குது. 500 குறைச்சேன். அதையும் மைக்லயே அறிவிச்சுட்டுத்தான் ஒயர கழட்டினான்.