புதுப்பிப்பு: ஷாங்காயில் விமானம் மாறும் இடைவெளியில் ஊருக்குள் போய் வந்தேன்

பூடோங் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குப் பகல் முழுக்கக் காத்திருக்கணும், இந்திய பாஸ்போர்ட்டோடு வெளியே போகலாமா என்று கேட்டிருந்தேன். போகலாம். 24 மணி நேர விசா இல்லா அனுமதி நமக்கும் உண்டு. கிளம்பி வந்த நாடும் சீனாவும் அல்லாத மூன்றாவது நாட்டுக்கு உறுதியான டிக்கெட் மட்டும் கையில் வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து லாங்யாங் சாலை நிலையம் வரை மாக்லெவ் எனும் காந்த ரயில். தண்டவாளத்தில் படாமல் மிதந்தபடி 30 கிலோமீட்டரை எட்டே நிமிடத்தில் கடக்கிறது. அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் கட்டணம் 50 யுவானிலிருந்து 40 ஆகும். அப்புறம் இரண்டாம் எண் மெட்ரோவில் நான்ஜிங் கிழக்குச் சாலை, அங்கிருந்து நடந்தே பண்ட் என்ற ஆற்றங்கரைப் பகுதி. இந்தக் கரையில் பழைய கல் கட்டடங்கள், ஹுவாங்பூ ஆற்றின் அக்கரையில் 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பது அவ்வளவு பிடித்திருந்தது! ஆற்றைக் கடக்க ஊர்க்காரர்கள் ஏறும் 2 யுவான் படகே போதும்.

சீனாவில் பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை நம்ம ஊரிலேயே இணைத்துவிடுங்கள்.