புதுப்பிப்பு: கீறல் விழுந்த முன் ஃபோர்க் இப்போது எப்படி இருக்கிறது

பாறையில் மோதியதில் என் மலை சைக்கிளின் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் பாகம்) உள்ள குழாயில் கீறல் விழுந்து, ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் எண்ணெய் கசிகிறது, ஃபோர்க்கையே மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றவில்லை. சரிசெய்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் நகத்தால் தடவிப் பார்த்தேன். நகம் சிக்கியது. கீறலின் விளிம்பு மேலே துருத்திக்கொண்டு சீலை, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, அறுத்துக்கொண்டிருந்தது. குழாயைத் துடைத்து, 2000 எண் உப்புத்தாளை நனைத்து, துருத்திய இடத்தை மட்டும் மிக லேசாகத் தேய்த்தேன். சுற்றியுள்ள பூச்சில் கை வைக்கவே கூடாது, அது போனால் திரும்ப வராது. அப்புறம் பள்ளத்தில் எபாக்சி பசையை மெல்லிய படலமாக வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மட்டமாகத் தேய்த்தேன்.

வெறும் கீறலை அடைத்தால் போதாது. ஃபோர்க்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, கீழ்க் கால்களை (குழாய்கள் உள்ளே போய்வரும் கீழ்ப் பகுதி) கழற்றி, இரண்டு பக்கமும் சீல்களை மாற்றினேன். நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, கீழ்க் கால்களில் புது எண்ணெயும் ஊற்றினேன். பழைய எண்ணெய் சேறு போல வந்தது, அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

இதுவரை நாலு முறை ஓட்டியாயிற்று, கசிவு இல்லை. ஆனால் ஒன்று: மேல் கிரீடத்திலோ (இரண்டு குழாய்களையும் மேலே இணைக்கும் பகுதி) ஸ்டீயரர் குழாயிலோ (அங்கிருந்து கைப்பிடிக்குப் போகும் குழாய்) விரிசல், வளைவு இருந்தால் இதையெல்லாம் முயலாதீர்கள். அந்த ஃபோர்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.