ப்ளூ நோட் ஜாஸ் கம்பெனியோட மோனோ (ஒரே டிராக் சத்தம்) பிளேட் எல்லாமே "தனி ரெக்கார்டிங்"னு இன்னும் எத்தனை நாள் சொல்லிட்டே இருப்பீங்க?

டெட்வாக்ஸ்:
நேத்து ஒருத்தர் சாக்ஸ் கலைஞர் ஹேங்க் மோப்லியோட சோல் ஸ்டேஷன் எல்பி மோனோ காப்பிய போட்டோ எடுத்துப் போட்டு கீழ எழுதியிருந்தாரு, "இது ரூடி வான் கெல்டர் மோனோவுக்குன்னே தனியா ரெக்கார்ட் பண்ணது, ஸ்டீரியோ வாங்குறவங்களுக்கு காதே கிடையாது"ன்னு. படிச்சதுலருந்து ஆத்திரம் அடங்கல. அந்த செஷன் நடந்தது 1960 பிப்ரவரி 7, எங்கில்வுட் கிளிஃப்ஸ் ஸ்டுடியோவுல. அந்த நேரத்துல ரெக்கார்டிங் இன்ஜினியர் வான் கெல்டர் ரெண்டு டிராக் (ஸ்டீரியோ) டேப் மட்டும்தான் ஓட்டிட்டிருந்தாரு. 1957லருந்து மோனோவுக்கு ஒரு மெஷின், ஸ்டீரியோவுக்கு ஒரு மெஷின்னு ரெண்டும் சேர்ந்து ஓடினது உண்மை, ஆனா அது 1958 அக்டோபர் 30 ஓட சரி. அன்னிக்கு டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியோட மோனின் செஷன், ஹேக்கன்சாக்ல வான் கெல்டரோட அப்பா அம்மா வீட்டு ஹால்ல, அதுதான் அவரோட பழைய ஸ்டுடியோ. அதுக்கப்புறம் ரெக்கார்ட் பண்ண ப்ளூ நோட் மோனோ எல்பி எல்லாம் அந்த ஸ்டீரியோ டேப்போட ரெண்டு பக்கத்தையும் பாதிக்குப் பாதி கலந்து வெட்டினது. ஸ்டீரியோவுலருந்து 50/50 கலந்து எடுத்ததுன்னு டேப் பெட்டி மேலயே எழுதி வச்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

மோனோமட்டும்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம், பயமா?
ஹேக்கன்சாக் கன்ட்ரோல் ரூம்ல ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது, அதுல கேட்டுத்தான் ரூடியும் ப்ளூ நோட் முதலாளி ஆல்ஃப்ரெட் லயனும் பேலன்ஸ் முடிவு பண்ணாங்க. டிரம்பெட் எவ்வளவு முன்னாடி வரணும், பாஸ் எவ்வளவு கேக்கணும், எல்லாமே அந்த ஒரே ஸ்பீக்கர்லதான். ஸ்டீரியோ டேப்ப அன்னிக்கு யாரும் உக்காந்து ஸ்டீரியோவா கேக்கவே இல்ல. அப்போ அவங்க மனசுல இருந்த சத்தம் எது? மோனோ. முடிஞ்சது விஷயம்.

டெட்வாக்ஸ்:
ஒரே ஸ்பீக்கர் இருந்தது ஹேக்கன்சாக்ல. சோல் ஸ்டேஷன் எங்கில்வுட் கிளிஃப்ஸ். 1959 ஜூலைல ரூடி அங்க புது ஸ்டுடியோவுக்குப் போயிட்டாரு, 39 அடி உயர கூரை, மரத்துல எழுப்பினது, பாக்க தேவாலயம் மாதிரி. அந்த இடத்தையும் இந்த இடத்தையும் ஒண்ணாக் குழப்பாதீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: சோல் ஸ்டேஷனுக்கு தனி மோனோ டேப் ஓடிச்சா இல்லையா?

லெக்சிங்டன்767:
ரெண்டு பேருமே சத்தத்தப் பத்திப் பேசறீங்க, பிளேட்டப் பாத்தீங்களா? ஓட்டம் முடியற இடத்துல, லேபிளுக்குப் பக்கத்துல, லைட்ட சாய்ச்சுப் பிடிச்சா காது மாதிரி ஒரு கோடு தெரியும். பிளாஸ்டிலைட் ஃபேக்டரியோட P எழுத்து அது. அதுக்குப் பக்கத்துல ஆர்விஜி முத்திரை, அதாவது ரூடி வான் கெல்டர் பேரோட முதல் எழுத்துங்க. இது ரெண்டும் இருந்தா அது ஒரிஜினல், அதுக்கு மேல தனி டேப்பா கலந்த டேப்பான்னு ஆராய்ச்சி பண்றதெல்லாம் பொழுது போகாதவன் வேலை. லிபர்ட்டி கம்பெனி வாங்கினதுக்கப்புறம் அந்த காது போச்சு, ப்ளூ நோட் கதையும் அதோட முடிஞ்சது.

டெட்வாக்ஸ்:
காது இருக்குங்கறதால அது தனி மோனோ ரெக்கார்டிங் ஆயிடாது. காது சொல்றது எந்த ஃபேக்டரில அச்சடிச்சாங்கங்கறத மட்டும்தான். போன வருஷம் உங்ககிட்டருந்து ட்ரூ ப்ளூ வாங்கினேனே, அதுலயும் காது இருந்தது. கூடவே ரெண்டாவது பக்கத்துல முழு பாட்டு நீளத்துக்கு ஒரு கீறலும் இருந்தது. அத போட்டோவுல காட்டவே இல்ல நீங்க.

லெக்சிங்டன்767:
அத ஏன் இங்க இழுக்கறீங்க? "கேக்கறதுக்கு நல்லாருக்கும், பாக்க சுமார்"னு தெளிவா எழுதித்தான் வித்தேன்.

டீனாரசிகன்:
ட்ரூ ப்ளூ பேச்சு வந்துடுச்சு, அதனால சொல்றேன். சாக்ஸ் கலைஞர் டீனா புரூக்ஸ் 1960 ஜூன் 25 அன்னிக்கு ரெக்கார்ட் பண்ண எல்பி அது, நம்பர் 4041. அவர் லீடரா நாலு செஷன் பண்ணாரு ப்ளூ நோட்டுக்கு, அவர் உயிரோட இருந்தப்ப வெளிய வந்தது அந்த ஒண்ணு மட்டும்தான். பேக் டு தி டிராக்ஸ்னு இன்னொண்ணுக்கு 4052ன்னு நம்பர் குடுத்து, அட்டை டிசைன் வரைக்கும் பண்ணிட்டு அப்படியே பீரோவுல வச்சுட்டாங்க. மனுஷன் 1974ல 42 வயசுல செத்துப் போனாரு. தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்கூனா போய் ப்ளூ நோட் டேப் கிடங்கைத் தோண்டி, மொசைக் கம்பெனி மூலமா 1985ல வெளிய கொண்டு வந்தாரு. மனுஷன் செத்து பதினோரு வருஷம் கழிச்சு. லயன் மேல எல்லாரும் வைக்கற பக்தியப் பாத்தா எனக்கு எரியுது. நீங்க மோனோவா ஸ்டீரியோவான்னு அடிச்சுக்கிறீங்க.

பிரெஸ்டீஜ்பக்கம்:
சரியாச் சொன்னீங்க டீனா. ப்ளூ நோட்ட கோயிலாக்கி வச்சிருக்காங்க. அதே ஹால், அதே ரூடி, அதே மைக், 1956 மே 11, அக்டோபர் 26 ரெண்டே நாள்ல மைல்ஸ் டேவிஸ் குவின்டெட் பிரெஸ்டீஜ் கம்பெனிக்கு நாலு எல்பிக்கான சரக்க முடிச்சுக் குடுத்தாங்க. ஒத்திகை கிடையாது, ரெண்டாவது டேக் கூட அபூர்வம். அத விடவா?

மோனோமட்டும்:
அது மைல்ஸோட பேண்ட் தினமும் கிளப்ல வாசிச்சுட்டு இருந்ததால நடந்தது, பிரெஸ்டீஜ் பெருமை இல்ல அது. ப்ளூ நோட் ஒத்திகைக்குத் தனியா காசு குடுத்தது, புதுப் பாட்டு எழுதிட்டு வரச் சொன்னது. அதான் அந்த ஏற்பாடு அவ்வளவு கச்சிதமா இருக்கும். ஜான் கோல்ட்ரேனோட ப்ளூ டிரெய்ன் கேளுங்க, 1957 செப்டம்பர் 15, மூணு பேர் சேர்ந்து ஊதறது ஒரே மூச்சு மாதிரி வரும். அதுவும் மோனோவுல கேக்கணும்.

டெட்வாக்ஸ்:
பாருங்க, ப்ளூ டிரெய்னுக்கு ஓடிட்டாரு! ப்ளூ டிரெய்னுக்கு தனி மோனோ டேப் இருக்குன்னு நானே சொல்றேன், ஏன்னா அது 1957. அதனாலதான் 2022ல டோன் போயட் ரீஇஷ்யூ வரிசைல அத மட்டும் மோனோ தனியா, ஸ்டீரியோ தனியான்னு ரெண்டு விதமா போட்டாங்க. சோல் ஸ்டேஷனுக்கு அப்படி போட டேப் எங்க? டெக்ஸ்டர் கோர்டனோட கோ, 1962 ஆகஸ்ட் 27, அதுக்கு தனி மோனோ டேப் எங்க? லீ மார்கனோட சைட்விண்டர், 1963 டிசம்பர் 21, அதுக்கு எங்க? 1958 அக்டோபர் 30. இந்த ஒரு தேதிய ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், பாதிக் காசு மிச்சம். மோனோ காப்பிக்கு மட்டும் ஸ்டீரியோவ விட ரெண்டு மடங்கு மூணு மடங்கு விலை சொல்லி விக்கறாங்க, "தனி ரெக்கார்டிங்"னு சொல்லி. புதுசா சேக்க வர்ற பசங்க அத நம்பி மாசச் சம்பளத்த கொட்டறாங்க, எனக்கு வயிறு எரியறது அதுக்குத்தான்.

மோனோமட்டும்:
வெட்டினது யாரு? ரூடி. தன் கையால, தன்னோட பிளேட் வெட்டற லேத்துல. கலந்த டேப்பா இருந்தாலும் மோனோ லாக்கர் (அச்சுக்கான மூலப் பிளேட்) வெட்டும்போது அவர் லெவல் ஏத்துவாரு, கம்ப்ரஸ் பண்ணுவாரு, பாஸ்ஸ கெட்டியாக்குவாரு. ஸ்டீரியோல பள்ளம் மேலயும் கீழயும் போகணும், அதனால அந்த அளவுக்கு சத்தமா வெட்ட முடியாது, ஊசி துள்ளிடும். மோனோல பக்கவாட்டு ஆட்டம் மட்டும்தான், அதனால அடிச்சு வெட்டலாம். பிளேக்கி டிரம்ஸ் நெஞ்சுல விழுதே, அது இதனாலதான். நீங்க டேப் பெட்டியப் படிக்கறீங்க, நான் பிளேட்டக் கேக்கறேன்.

டெட்வாக்ஸ்:
இப்ப "கலந்த டேப்பா இருந்தாலும்"னு வந்துட்டீங்க. நேத்து எழுதினது "தனியா ரெக்கார்ட் பண்ணது". அத அழிச்சுட்டு பேசுங்க.

மோனோமட்டும்:
எதையும் அழிக்க மாட்டேன். மோனோவுக்குன்னு தனியா வெட்டினாரு, அதத்தான் சொன்னேன்.

டெட்வாக்ஸ்:
"ரெக்கார்ட் பண்ணது"ன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கு.

டிரம்ஸ்தம்பி:
அண்ணனுங்களா, ஒரு சந்தேகம். அந்த ஆரம்ப ஸ்டீரியோல டிரம்பெட் ஒரு ஓரம், சாக்ஸ் இன்னொரு ஓரம், நடுவுல ஓட்டை மாதிரி இருக்கே, ஹெட்போன்ல கேட்டா தலை வலிக்குது. அதனால மோனோ நல்லதுதானே? ஸ்டீரியோ காப்பிய வச்சுக்கிட்டு ஆம்ப்ல இருக்கற மோனோ பட்டன அமுக்கினா அதே சத்தம் வருமா?

டெட்வாக்ஸ்:
தம்பி, அருமையான கேள்வி. வரும். 1958 அக்டோபர் 30க்கு அப்புறம் ரெக்கார்ட் பண்ணதுக்கு வரும், ஏன்னா அவங்க பண்ணதும் அதேதான், ரெண்டு பக்கத்தையும் சேத்தாங்க. நல்ல ரீஇஷ்யூ ஸ்டீரியோ ஒண்ணு வாங்கு, இன்ஜினியர் கெவின் கிரே ஒரிஜினல் டேப்புலருந்து வெட்டினது, பட்டன அமுக்கு, மிச்சக் காசுல இன்னும் பத்து எல்பி வாங்கு.

மோனோமட்டும்:
தம்பிய கெடுக்காதீங்க. பட்டன அமுக்கினா ரூடி வெட்டின வெட்டு எப்படி வரும்? கெவின் கிரே வெட்டினது வரும். ரெண்டும் ஒண்ணா? ஒரே ஸ்பீக்கர்ல கேட்டு வளர்ந்த காது ரூடியோடது.

பிரெஸ்டீஜ்பக்கம்:
ரூடி ரூடின்னு உருகறீங்களே, பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் அவர்கிட்ட ரெக்கார்ட் பண்ண மாட்டேன்னு சொன்னாரு தெரியுமா? ஆளோட சத்தத்தையே மாத்திடறாருன்னு. அந்த பியானோவ கேளுங்க, பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி. பத்து பியானோ கலைஞர் வாசிச்சாலும் ஒரே மாதிரி கேக்கும்.

மோனோமட்டும்:
மிங்கஸ் யாரத்தான் திட்டல? ஹோரஸ் சில்வர் வருஷக்கணக்கா அதே பியானோலதான் வாசிச்சாரு, அவரையும் சானி கிளார்க்கையும் ரெண்டு பாருல பிரிச்சு சொல்லிடலாம். உங்களுக்கு முடியலன்னா அது பியானோ தப்பு இல்ல.

பிரெஸ்டீஜ்பக்கம்:
ஆமா, எங்களுக்கு காது இல்ல, உங்களுக்கு மட்டும் ரெண்டு காது, ஆனா ஒரே ஸ்பீக்கர்.

டீனாரசிகன்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. லயன் ஏன் அந்த டேப்ப பூட்டி வச்சாரு? ஒத்திகைக்குக் காசு, ஃபிரான்சிஸ் வுல்ஃப் போட்டோ, ரீட் மைல்ஸ் அட்டை, எல்லாம் செலவு பண்ணிட்டு வெளியிடலன்னா என்ன அர்த்தம்?

லெக்சிங்டன்767:
விக்காதுன்னு அர்த்தம். சின்ன கம்பெனி, மாசம் இத்தனை எல்பிதான் விட முடியும். கிடார் கலைஞர் கிரான்ட் கிரீனுக்கும் அதே கதிதான், செஷன் செஷனா கிடங்குல கிடந்தது. அப்புறம் லீ மார்கனோட சைட்விண்டர் பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல 25க்கு வந்ததும் எல்லாரையும் அதே மாதிரி முதல் பாட்டு ஒண்ணு போடுங்கன்னு ஆரம்பிச்சாங்க. ஹிட் வந்ததுதான் ப்ளூ நோட்டக் கெடுத்தது.

டீனாரசிகன்:
விக்காதுன்னு யார் முடிவு பண்ணா? வெளியவே விடலையே. மோப்லி கூட தன் டேப் எல்லாம் கிடங்குல தூங்குதேன்னு குறைபட்டவர்தான். சோல் ஸ்டேஷன் ஒண்ண வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் ஆடறீங்க, அவரோட எத்தனை செஷன் அவர் சாகறதுக்கு முன்னாடி வெளிய வந்ததுன்னு எண்ணிப் பாருங்க.

டெட்வாக்ஸ்:
டீனா, உங்க கோவம் நியாயம், தனி திரி ஆரம்பிங்க, நானே வந்து எழுதறேன். இங்க விஷயம் வேற. அந்த கிடங்கு டேப் எல்லாம் கஸ்கூனா எடுத்தப்போ என்னவா இருந்தது? 1958 அக்டோபருக்கு அப்புறம் உள்ளது எல்லாம் ரெண்டு டிராக். ஒண்ணுக்குக் கூட பக்கத்துல மோனோ டேப் படுத்திருக்கல. நான் சொல்றதுக்கு கிடங்கே சாட்சி.

மோனோமட்டும்:
கிடங்குக்கு நீங்க போனீங்களா?

டெட்வாக்ஸ்:
நீங்க ஹேக்கன்சாக் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து ஸ்பீக்கர எண்ணினீங்களா?

டிரம்ஸ்தம்பி:
அண்ணே, அப்ப கேனன்பால் அடர்லியோட சம்தின் எல்ஸ் மோனோ வாங்கலாமா? 1958 மார்ச் 9ன்னு போட்டிருக்கு.

டெட்வாக்ஸ்:
வாங்கலாம், அது அக்டோபருக்கு முன்னாடி. தைரியமா வாங்கு.

மோனோமட்டும்:
எந்த வருஷமா இருந்தாலும் வாங்கு தம்பி. இவர் பேச்சக் கேட்டு காலண்டர் வச்சு மியூசிக் கேக்காத.

லெக்சிங்டன்767:
என்கிட்ட ஒரு சம்தின் எல்ஸ் இருக்கு, காது இருக்கு, 47 வெஸ்ட் 63 அட்ரஸ் போட்ட லேபிள். தம்பி தனியா மெசேஜ் போடு.

டெட்வாக்ஸ்:
தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது பக்கத்த லைட்ல சாய்ச்சு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு. முழுசா, கட் பண்ணாம.

லெக்சிங்டன்767:
இது அவதூறு. ட்ரூ ப்ளூவுக்கு காச திருப்பித் தர்றேன்னு அன்னிக்கே சொன்னேன், நீங்கதான் பிளேட்ட திருப்பி அனுப்பல.

டெட்வாக்ஸ்:
கூரியர் செலவு யார் தலைல? அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. மோனோமட்டும் சார், நீங்க நழுவ வேண்டாம். சோல் ஸ்டேஷன், 1960 பிப்ரவரி 7, தனி மோனோ டேப். ஆமாவா இல்லையா?

மோனோமட்டும்:
ஒரே ஸ்பீக்கர்.

டெட்வாக்ஸ்:
அது ஹேக்கன்சாக்!