வீச்சுவலை ஈயமணி: ஈயத்தை எவ்வளவு மென்மையாக்கலாம்?

அண்ணாமார், திருகோணமலையில வீச்சுவலைக்கு ஈயமணி வார்க்கப் பழைய டயர் பலன்ஸ் ஈயம் கிடக்கு. கயிற்றில நசுக்கிப் பிடிக்கேக்க வெடிக்குது, ஈயத்தைக் கடினமாக்கிற அன்ரிமனி உலோகக் கலப்புத்தான். தூய ஈயத்துண்டுக்கும் இதுக்கும் நடுவில 10 மிமீ பேரிங் குண்டை வைச்சு வைஸில நெரிச்சால் தூய ஈயத்தில 4.0 மிமீ, இதில 2.7 மிமீ அகலத்துக்குக் குழி. விட்டங்களின் வர்க்க விகிதத்தைத் தூய ஈயத்தின்ர பிரினெல் (கடினத்தன்மை அளவு) 5ஆல் பெருக்கினால் இதுக்குப் பிரினெல் 11 வருது. (வார்த்த அன்றைக்கே அளந்தால் குறைச்சுக் காட்டும், ஒரு கிழமை விட்டுத்தான் அளந்தது.) பலன்ஸ் துண்டுகளில நாகமும் (துத்தநாகம்) கலந்திருக்கும்; அது உருகிறது 419 பாகையில, அதால 380ஐத் தாண்டாமல் மிதக்கிற துண்டுகளை வழிச்செடுத்தாச்சு. பற்றரி ஈயம் சொல்லாதேங்கோ, நச்சுவாயு.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு தூய ஈயம் சேர்த்தால் வெடிக்காமல் மடியும்? பிரினெல் 7 போதுமோ?