மூச்சோட சேர்த்து ஜெபம் பண்றவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க (மும்பை மக்கள்)

சயான்காரி:

மூச்சுப் பயிற்சின்னு சொன்னாலே நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு அது யோகா நமக்கு ஆகாதுங்கறாங்க, மீதிப் பேரு அது ஒண்ணு போதும் எல்லா வியாதியும் ஓடிடும்ங்கறாங்க. நிஜமா செஞ்சு பாத்தவங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். முதல்ல என் கதைய சொல்லிடறேன்.

கோவிட் வந்து போனதுக்கு அப்புறம் எனக்கு நெஞ்சு படபடப்பு. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், பதட்டம்தாம்மா வேற ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா காலைல சயான்ல லோக்கல் டிரெயின் ஏறி விடி ஸ்டேஷன் போறதுக்குள்ள, அதுவும் தாதர்ல லேடீஸ் டப்பாக்குள்ள கூட்டம் மொத்தமா வந்து அடைக்கும் பாருங்க, அப்ப மூச்சு மேல மேல வாங்கும், தொண்டை அடைக்கும், விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும், அப்படியே இறங்கி பெஞ்ச்ல உக்காந்துருவேன். ஆபீஸ்க்கு லேட்டு, வீட்டுல சொன்னா யாருக்கும் புரியல.

எங்க அன்பியத்துக்கு (பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்க கூடற செபக் குழு) வர்ற வயசான சிஸ்டர் ஒருத்தங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மூச்சை உள்ள இழுக்கறப்ப “இயேசுவே”. வெளிய விடறப்ப மெதுவா “தாவீதின் மகனே, என்மேல் இரங்கும்”. எரிகோ ரோட்டோரம் உக்காந்திருந்த பார்வையில்லாத பர்த்திமேயு கத்துனாரே, அதே வேண்டுதல்தான். உள்ள இழுக்கறதுக்கு சின்ன வார்த்தை, வெளிய விடறதுக்கு நீளமான வார்த்தை, அதை மட்டும் மாத்திடாதன்னு சொன்னாங்க. ஏன்னு அப்ப கேக்கத் தோணல.

இப்பவும் படபடப்பு வருது, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா தாதர்ல இறங்கறதில்ல. ஒரு கைல மேல இருக்கிற கைப்பிடி, இன்னொரு கைல பைய நெஞ்சோட அணைச்சுகிட்டு உதடு மட்டும் அசைஞ்சுகிட்டே இருக்கும், பைகுல்லா வர்றதுக்குள்ள தோள்பட்டை தானா இறங்கிடும். அந்த நேரத்துல நான் தனியா இல்லன்னு தெரியுது, அதுதான் எனக்குப் பெருசு.

இன்னொண்ணு கவனிச்சேன். அக்டோபர் மாசம் வீடு வீடா செபமாலை சொல்றப்ப ஒரு பக்கம் “அருள் நிறைந்த மரியே”, மறுபக்கம் “புனித மரியே, இறைவனின் தாயே”, ஒருத்தர் சொல்றப்ப மத்தவங்க மூச்சு வாங்கிக்கறாங்க. இதை இத்தாலியில ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. 23 பேரை லத்தீன்ல செபமாலை சொல்ல வச்சு பாத்தா மூச்சு நிமிஷத்துக்கு சுமாரா 6 தடவைக்கு இறங்கிடுச்சாம். சாதாரணமா நமக்கு 12ல இருந்து 20 வரைக்கும் ஓடும். அந்த ஆராய்ச்சியில யோக மந்திரம் சொல்ல வச்சும் பாத்தாங்க, அதுலயும் அதேதான். உடம்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே.

ஆன்டாப் ஹில் தம்பி:

ஸ்தோத்திரம் அக்கா. நீங்க கடைசில சொன்னதுதான் எனக்கு இடிக்குது. மந்திரத்துக்கும் அதே பலன்னா அப்புறம் இதுல ஆண்டவர் எங்க இருக்காரு? எங்க அம்மா இதைக் கேட்டா சபையில சாட்சி சொல்ற அளவுக்குப் பயந்துடுவாங்க. மனசை காலியாக்குன்னு சொல்ற எதுக்கும் நான் வரமாட்டேன்.

ஆனா மூச்சுன்னா என்னன்னு எனக்கு 2021ல தெரிஞ்சுது. அப்பாவுக்கு ஆக்சிஜன் வேணும், நானும் மச்சானும் சிலிண்டருக்கு தாராவி, குர்லா, செம்பூர்னு பைக்ல அலையறோம், கிடைச்சு மாட்டுன உடனே அவரு நெஞ்சு ஏறி இறங்கறதையே ராத்திரி பூரா பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். ஆதியாகமத்துல ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார்னு சின்ன வயசுல மனப்பாடம் பண்ணதுதான், அன்னைக்கு ராத்திரிதான் அது வசனமா இல்லாம முன்னாடி நடக்கறதா தெரிஞ்சுது. அப்பா இருக்காரு, கர்த்தருக்கு மகிமை.

அப்ப இருந்து தூக்கம் வரலன்னா படுத்துகிட்டே “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்”னு உள்ள இழுத்து, “நான் தாழ்ச்சியடையேன்”னு விடுவேன். இதுக்குப் பேரு மூச்சுப் பயிற்சின்னு நீங்க எழுதின பிறகுதான் நினைக்கிறேன்.

சயான்காரி:

தம்பி, நல்ல கேள்வி. நான் சொல்றது, அமைதி மூச்சுல வருது, அதை ஆண்டவர் படைச்ச உடம்பு தருது. யாரைக் கூப்பிடறோம்ங்கறதுலதான் செபம் இருக்கு. இது புதுசா வந்த ஃபேஷனும் இல்ல. கிரேக்க நாட்டு ஆத்தோஸ் மலைத் துறவிங்க “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்”னு மூச்சோட சேர்த்து சொல்லிட்டு வந்தவங்க. அப்பவே அவங்களைக் கிண்டல் பண்ணி பெரிய சண்டை நடந்துச்சு, கிரகோரி பலாமாஸ்ங்கறவரு அவங்க பக்கம் நின்னாரு, 1341ல கான்ஸ்டான்டிநோபிள்ல கூடின திருச்சபைச் சங்கம் அவருக்குத்தான் ஆதரவா முடிவு பண்ணுச்சு. இயேசு சபையை ஆரம்பிச்ச நம்ம இஞ்ஞாசியாரும் ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தையா கர்த்தர் கற்பித்த செபத்தை சொல்ற முறைய எழுதி வச்சிருக்காரு.

செம்பூர் பிசியோ:

நான் நெஞ்சு நோய் வார்டுல பிசியோதெரபிஸ்ட், சி.எஸ்.ஐ. சபை. அந்த சிஸ்டர் சொன்னது அப்படியே எங்க பாடம்தான் அக்கா. வெளிய விடற மூச்சு நீளமா இருந்தா இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், மூளைல இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வேலை அது. படபடப்புல இருக்கிறவங்ககிட்ட எல்லாரும் “நல்லா இழுத்து மூச்சு விடு, நல்லா இழு”ன்னு சொல்வாங்க, அதுதான் தப்பு. ஏற்கனவே அதிகமா இழுத்துகிட்டுதான் இருக்காங்க, அதனால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சுதான் விரல் மரத்துப்போறது, தலை சுத்தறது எல்லாம். நான் சொல்லிக்குடுக்கறது, உதட்டைக் குவிச்சு, மெழுகுவர்த்திச் சுடர் அணையாம ஆட மட்டும் செய்யற மாதிரி ஊதுங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். எங்க வார்டுக்கு ஒரு அம்மா வந்தாங்க, ஆஸ்துமா, ஜெபக் கூட்டத்துல சுகமாயிடுச்சுன்னு இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுட்டாங்க. நீலம் பாரிச்ச உதட்டோட கொண்டுவந்தாங்க. பொழச்சுகிட்டாங்க, ஆனா இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா? ஜெபியுங்க, மூச்சையும் பழகுங்க, இன்ஹேலரையும் எடுங்க. நெஞ்சு வலின்னா முதல்ல டாக்டர்கிட்ட போங்க, இந்த அக்கா மாதிரி டெஸ்ட் எல்லாம் பாத்து ஒண்ணுமில்லன்னு தெரிஞ்ச பிறகுதான் பதட்டம்னு சொல்லணும்.

மலாட் பொண்ணு:

எனக்கு நடந்தது வேற. அந்தேரியில ஒரு ஹால்ல கிறிஸ்தவ பிரெத்வொர்க்னு கூப்பிட்டாங்க, காசு கட்டிதான் போனேன். பாய்ல படுக்க வச்சு, சத்தமா மியூசிக் போட்டு, வாயால வேகவேகமா மூச்சு விடச் சொன்னாங்க, நிறுத்தவே விடல. கொஞ்ச நேரத்துல ரெண்டு கையும் மடங்கி விரல் விறைச்சுப்போச்சு, பிரிக்கவே முடியல, எனக்கு அழுகை. அந்த ஆளு வந்து குனிஞ்சு “பரிசுத்த ஆவியானவர் உன்னைத் தொடறாரு”ன்னாரு. பக்கத்துல இருந்த அக்காவுக்கு வலிப்பு உண்டாம், யாரும் முன்னாடி கேக்கவே இல்ல. அவங்க அன்னைக்குப் பாதில எழுந்து போனதாலதான் தப்பிச்சாங்கன்னு நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் ஜெபிக்கவே பயமா இருந்துச்சு.

செம்பூர் பிசியோ:

கை மடங்கினது கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சதாலதான்மா, வேற ஒண்ணுமில்ல, நீ பயப்படாத. வலிப்பு, இதயக் கோளாறு, கர்ப்பம், இதுல எது இருந்தாலும் அந்த மாதிரி வேக மூச்சு பக்கமே போகக்கூடாது.

சயான்காரி:

படிக்கவே கோவமா வருதும்மா. 1989ல வத்திக்கான்ல இருந்து தியானத்தைப் பத்தி ஒரு கடிதம் வந்துச்சு, அப்ப கர்தினாலா இருந்த ராட்சிங்கர் கையெழுத்து போட்டது. சில உடற்பயிற்சியால தானா ஒரு நிம்மதி, இதமான உணர்ச்சி வரும், அதைத் தூய ஆவியோட ஆறுதல்னு எடுத்துக்கக்கூடாதுன்னு அதுல தெளிவா இருக்கு. நிம்மதிக்கே அப்படின்னா, விறைச்ச கைய ஆவியானவர்னு சொல்றதை என்னன்னு சொல்ல? உன்னைத் தொட்டு அமைதி தர்றவரு உன்னை பயமுறுத்த மாட்டாரு. யோவான் 20ல இயேசு பூட்டுன கதவுக்குள்ள பயந்து கிடந்தவங்ககிட்ட முதல்ல சமாதானம்னு சொல்லிட்டுதான் அவங்க மேல ஊதுனாரு.

மலாட் பொண்ணு:

தேங்க்ஸ் அக்கா. அப்ப நின்னுகிட்டே, கண்ணைத் திறந்தே பண்ணலாமா? கண்ண மூடுனா எனக்கு அந்த ஹால் ஞாபகம் வருது.

சயான்காரி:

தாராளமா பண்ணு, நான் டிரெயின்ல கண்ணைத் திறந்துதான் பண்றேன். மூச்சை எண்ணாத, அடக்கிப் பிடிக்காத, மூக்கு வழியா சாதாரணமா இழு, விடறப்ப மட்டும் நிதானமா விடு. தலை சுத்துனா நிறுத்திடு. வார்த்தைய நீயே எடுத்துக்கோ, உனக்கு இப்ப எதைச் சொல்லத் தோணுதோ அது. புதன்கிழமை நான் மாஹிம் சர்ச்ல நவநாள் செபத்துக்குப் போவேன், கூட்டமாத்தான் இருக்கும், உனக்குத் தனியா போக ஒரு மாதிரி இருந்தா மெசேஜ் பண்ணு, ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன்.