புதுப்பிப்பு: புளியரையில் நெட் வந்தாச்சு, பில்லில் கழிவு வரல

கேரள எல்லையோரம் இருக்கற செங்கோட்டை, புளியரை பக்கம் ஃபைபர் நெட் மொத்தமா செத்துக் கிடக்குன்னு போன வாரம் எழுதியிருந்தேன். நேத்து சாயங்காலம் வந்துடுச்சு. விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி.

ரோட்டோரம் பள்ளம் தோண்டுன ஜேசிபி கேபிளை அறுத்திருக்கு. ஒட்ட வந்த தம்பிங்க வேலையைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். ஓடிடிஆர் கருவி இழைக்குள்ள ஒளியை அனுப்பி, அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு எத்தனை மீட்டர்ல அறுந்திருக்குன்னு காட்டுது. அப்புறம் முடி மாதிரி இருக்கற இழைகளை நிறம் பார்த்துப் பிரிச்சு, ஒவ்வொண்ணா உருக்கி ஒட்டணும். தூறல்ல குடை பிடிச்சுக்கிட்டு செஞ்சாங்க. அவங்க மேல எனக்குத் துளி கோபம் இல்லை.

கோபமெல்லாம் கஸ்டமர் கேர் மேலதான். இங்க செல்போன் அடிக்கடி கேரளா டவரைப் பிடிக்கும். எங்க அத்தை கூப்பிட்டா மலையாளத்துல பதில் வருது. தமிழ் ஆள் கிடைச்சப்போ, "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்"னார். ஊரே முடங்கிக் கிடக்கும்போது! சான்றிதழுக்காக இ-சேவை மையம் வந்த பிள்ளைங்க வெறுங்கையோட திரும்பிச்சுங்க.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த விதிப்படி, பழுது 3 நாளைத் தாண்டினா வாடகையில் கழிவு தரணும். அதனால புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வச்சுக்கங்க. பதில் சரியில்லைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

இன்னிக்கு வந்த பில்லில் ஒரு ரூபா கழியல. புகார் கொடுத்தாச்சு, பதில் வந்ததும் இங்கயே போடறேன்.